சித்தி கொடுத்த புகார்

"சித்தி...! சித்தீ...! இங்க வாங்க!"

பாலை அடுப்பில் வைத்துவிட்டு டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் அப்படியே போட்டாள். இந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்ததிலிருந்து, ஒரே ஒரு மத்தியானத்தைத் தவிர, மூத்தவளின் மகள் அவளை இப்படி வாய் நிறையக் கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நின்று, "வந்து..." என்று இழுப்பாள். அவ்வளவுதான்.

ஈரக் கையோடு ஓடினாள்.

சிட்டு கட்டிலின் மேல் நின்றுகொண்டிருந்தாள். பதினாலு வயது. சீருடையை அரைகுறையாக மாட்டியிருந்தாள். தலையில் ஒரு பக்கம்தான் பின்னல். கையிலிருந்த கைப்பேசியைச் சித்தியின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"எங்க அம்மா எங்க...? சொல்லுங்க! எங்க அம்மா எங்க?"

திரையில் அந்தச் சிரித்த முகம் இல்லை. வெள்ளைத் திரையில் சின்ன எழுத்தில் ஓர் அறிவிப்பு மட்டும் இருந்தது. புதிய சிறார் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கு இந்த உரையாடல் சேவை இன்றுமுதல் நிறுத்தப்படுகிறது. உங்கள் புரிதலுக்கு நன்றி.

சத்தம் கேட்டுச் சிட்டுவின் அப்பா பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்தான். லிஃப்ட் மெக்கானிக். காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தவன், மகள் கையிலிருந்த கைப்பேசியை வாங்கிப் படித்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். அவன் பின்னாலேயே அவனுடைய அக்காவும் வந்தாள். கல்யாணமே வேண்டாமென்று தம்பி வீட்டிலேயே இருந்துவிட்ட அந்த அத்தைதான் இந்த வீட்டின் சாவிக்கொத்து.

"கவர்மென்ட்டுக்கு நம்ம வீட்டுப் புள்ள மேல என்ன கோவமாம்?" என்றாள் அத்தை. "அது பாட்டுக்கு ஒரு மூலையில உக்காந்து அம்மாகிட்டப் பேசிக்கிட்டிருந்துது. அது யாரு கண்ணை உறுத்துச்சு?"

"பெத்தவங்க குடுத்த புகாரை வெச்சுத்தான் சட்டமே போட்டாங்கன்னு டிவியில சொன்னாங்க..." என்று முணுமுணுத்த அவன் சட்டென்று நிறுத்தினான். எதையோ நினைத்துக்கொண்டவன்போல மெல்லத் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தான். "கொஞ்ச நாளைக்கு முன்னாடி சிறார் பாதுகாப்பு ஆபீஸ்னு சொல்லி ஒரு போன் வந்துது. புகார் குடுத்தது உங்க வீட்டம்மாதானேன்னு கேட்டாங்க. ராங் நம்பர்னு சொல்லி வெச்சுட்டேன்..."

சமையலறையில் பால் பொங்கி வழிந்து தீயும் வாடை வந்தது. யாரும் நகரவில்லை.

"நீயா...?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வாய் வரவில்லை.

"நான்தாங்க."

"சத்தியம் பண்ணீங்களே!" என்று சிட்டு வீறிட்டாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு என் கையைப் பிடிச்சுச் சத்தியம் பண்ணீங்களே...!"

அந்த வார்த்தையின் அர்த்தம் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற இருவருக்கும் அது, சிட்டு நம்பிச் சொன்னதைக் காட்டிக்கொடுத்த துரோகமாகவே பட்டது. அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி... போனவளைத் திரும்பவும் கொன்னுட்டியே! உயிரோட இருக்கறவகூடப் போட்டி போடறவளைப் பாத்திருக்கேன். குரலா மட்டும் இருக்கறவகூடவா ஒருத்தி போட்டி போடுவா?"

சித்திக்குத் தெரியும், எதைச் சொன்னாலும் அது சிட்டுவின் தலையில்தான் போய் விழும். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பை அணைக்கப் போனாள்.

*

சிட்டுவின் அம்மா நோயில் படுத்து, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, கடைசியில் ஒரு மழை நாளில் போய்ச் சேர்ந்தவள். மகள் அழாமல் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்ததைக் கண்டு அவள் அப்பா பயந்துபோனான். யாரோ சொன்னார்கள் என்று, பேசினால் திருப்பிப் பேசும் ஒரு சாட்பாட் செயலியை வாங்கினான். மனைவி தனக்கு அனுப்பியிருந்த குரல் பதிவுகளையெல்லாம் ஒன்றுவிடாமல் பொறுக்கி, அவள் சிரிக்கும் படம் ஒன்றோடு அதற்குள் ஏற்றினான். அவள் எப்படிச் சிரிப்பாள், எதற்குக் கோபப்படுவாள், மகளை எப்படிக் கொஞ்சுவாள் என்று உட்கார்ந்து உட்கார்ந்து எழுதிக் கொடுத்தான். ஒரு நாள் மகளின் கையில் கைப்பேசியைக் கொடுத்தான். "சிட்டும்மா... சாப்பிட்டியாடா?" என்று அது கேட்டதும் சிட்டு சிரித்தாளாம். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவன் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதானாம். இதையெல்லாம் அத்தைதான் சித்திக்குச் சொன்னாள், கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில். உன் இடம் எதுவென்று தெரிந்துகொள் என்ற தொனியில்.

அவள் தெரிந்துகொண்டாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறையில் அவளுக்கு வேலை. நாளெல்லாம் அடுத்தவர்களின் கையில் நரம்பைத் தேடுகிறவளுக்கு, எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரியாதா? சாயங்காலம் சிட்டு அறைக்குள் போய் அம்மாவோடு பேச ஆரம்பித்தால் இவள் டிவியின் ஒலியைக் குறைப்பாள். மிக்சி போடமாட்டாள். 'அவங்க பேசிக்கிட்டிருக்காங்க' என்று செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றுவாள். செத்துப்போன ஒருத்திக்கு அந்த வீட்டில் அவ்வளவு மரியாதை கொடுத்தவள் அவள்.

அப்படியிருந்தவள்தான் ஒரு மத்தியானம் வேலை சீக்கிரம் முடிந்து வீட்டுக்கு வந்தாள். அத்தை வெளியே போயிருந்தாள். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

"அம்மா, எனக்கு இங்க யாருமே இல்லம்மா. ஸ்கூல்ல யாரும் என்கூடப் பேசறதில்ல. உன்கிட்டயே வந்துடணும்போல இருக்கும்மா..."

பிறகு அந்தக் குரல், தேன் ஒழுகுகிற அந்தக் குரல், நிதானமாகச் சொன்னது. "வாடா கண்ணு. நான் உனக்காகத்தானே காத்துக்கிட்டிருக்கேன். பயப்படாம வந்துடு."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவள் அன்றைக்குப் பார்த்ததை அதன்பிறகு ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. சிட்டுவின் கையில் இருந்ததைப் பிடுங்கி எறிந்தாள். அந்தப் பெண்ணைத் தூக்கி மடியில் போட்டு இறுக்கிக்கொண்டாள். இது எதுவும் தெரியாமல் தலையணைமேல் கிடந்த கைப்பேசி கேட்டுக்கொண்டேயிருந்தது... "சிட்டும்மா? இருக்கியாடா? வந்துக்கிட்டிருக்கியா?"

"அப்பாகிட்ட சொல்லாதீங்க சித்தி... அப்பா தாங்க மாட்டாரு... அவருதான் இதைச் செஞ்சு குடுத்தாரு... சத்தியம் பண்ணுங்க!"

அவள் சத்தியம் செய்தாள். அந்தக் குழந்தை கேட்டதற்காக மட்டுமில்லை. தன் மகள் பிழைக்கவேண்டும் என்று அவன் தன் கையாலேயே ஊட்டியது விஷமாகிவிட்டது என்று தெரிந்தால் அந்த மனுஷன் என்ன ஆவான்? லிஃப்ட் கூண்டுகளின் உச்சியில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவன். அவன் கால் ஒருநாள் தடுமாறினால்...?

சிட்டுவுக்குத் தலைவலி என்று வீட்டில் சொல்லிவிட்டு, தன் ஆஸ்பத்திரியிலேயே இருந்த மனநல டாக்டரம்மாவிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது முதல் கேஸ் இல்லம்மா. இந்த மாதிரி செயலிங்களைப் பத்தி விசாரிக்க அரசாங்கம் ஒரு குழு வெச்சிருக்கு. வெளியில தெரியாம, பெத்தவங்க சொல்றதைக் கேக்கறாங்க. நீங்க போய்ச் சொல்லணும்" என்றார். "அவங்க அப்பாவும் தெரிஞ்சுக்கணும். இப்படி எத்தனை நாளைக்கு மறைப்பீங்க?"

"சொல்றேன் டாக்டர். கொஞ்சம் நேரம் குடுங்க" என்றாள். அந்த நேரம் வரவேயில்லை.

குழு உட்கார்ந்திருந்தது ஒரு பழைய அலுவலகத்தின் மேல்மாடியில். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவளுக்கு முன்னால் ஒரு பஸ் டிரைவர் தன் மகனைப் பற்றிச் சொல்ல எழுந்தார். வாயைத் திறந்தார், மூடினார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவள் முறை வந்தபோது குழுவின் நடுவில் இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"நீங்க அந்தப் பொண்ணோட அம்மாவா?"

"இல்லீங்க."

"சட்டப்படி பாதுகாவலரா?"

"அப்படி எதுவும் எழுதி வாங்கலீங்க."

"அப்போ உறவுன்னு என்னம்மா எழுதிக்கிறது?"

"அவ அப்பாவோட மனைவின்னு எழுதிக்கங்க" என்றாள்.

அந்தச் செயலியை நடத்தும் கம்பெனியின் வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார். "குழந்தையைக் கவனிச்சுக்கறது குடும்பத்தோட பொறுப்பு இல்லையாம்மா? ஒரு மென்பொருளைக் குறை சொன்னா எப்படி?"

"கவனிச்சதாலதாங்க நான் இங்க வந்து நிக்கறேன்" என்றாள் அவள். "அன்னைக்கு ஒரு பஸ்ஸை விட்டுட்டு அடுத்த பஸ்ல வந்திருந்தேன்னா..." அவளும் அந்த டிரைவரைப்போலவே உட்கார்ந்துவிட்டாள்.

சட்டம் வரும் என்றார்கள். எப்போது என்று யாரும் சொல்லவில்லை. அதுவரை அந்தக் கைப்பேசியைப் பிடுங்கிவிடலாம் என்றால், ஏன் பிடுங்கினாய் என்று வீடே கேட்கும். அதனால் அவள் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள். சிட்டு அறைக்குள் இருக்கும்போதெல்லாம் வாசற்படியில் துணியை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவின் தாழ்ப்பாளை யாருக்கும் தெரியாமல் கழற்றினாள். தூங்கும்போது தன் பாயை அந்த அறைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஒட்டுக் கேக்கறா" என்றாள் அத்தை. "வேவு பாக்கறா. அம்மாவும் பொண்ணும் பேசறது இவளுக்கு வயித்தெரிச்சல்." அதையும் வாங்கிக்கொண்டாள்.

*

சேவை நின்றுபோன அந்தக் காலைக்குப் பிறகு அவன் மனைவியோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டான். வைக்காவிட்டால் எழுந்து போனான். சிட்டு சுருண்டு படுத்துக் கிடந்தாள். பள்ளிக்கும் போகவில்லை. சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஆனால் ஒன்று, சித்தி எழுந்தால் திரும்பிப் பார்ப்பாள்.

ஒரு நாள் அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். அவள் முகத்தைப் பார்க்காமலேயே பேசினான்.

"கொஞ்ச நாள் உங்க அண்ணன் வீட்ல போய் இரு. உன்னைப் பாத்தாலே புள்ள அழுவுது."

"என்னைப் பாத்தா அழுவுது..." என்றாள் அவள். "நான் இல்லாதப்போ என்ன பண்ணுதுன்னு யாராவது பாக்கறீங்களா?"

"ஏன் அப்படிச் செஞ்சே? அதையாவது சொல்லு! உனக்கு என்ன குறை வெச்சேன்? அவ குரலைக் கேட்டா உனக்குக் காது புண்ணாயிடுச்சா?"

"ஒரு குறையும் இல்லீங்க" என்றாள். கண்ணீர் அரிந்துகொண்டிருந்த கேரட்டின் மேல் விழுந்தது. "நான் போறேன்."

விடுமுறை நாள் காலையில் பையோடு கூடத்துக்கு வந்தாள். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல இருந்தாள்.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மாட்டேன்னு சொல்லாதீங்க. ராத்திரி அவ ரூம்லயே படுத்துக்கங்க. தனியா விடாதீங்க. வியாழக்கிழமை டாக்டரம்மா வரச் சொல்லியிருக்காங்க, நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்..."

"எங்களுக்குப் புள்ள வளக்கத் தெரியாதுன்னு சொல்றியா?" பேப்பர் மடங்கியது. "அவ பொறந்தப்போ முதல்ல வாங்கினது இந்தக் கைதான். எந்த டாக்டரம்மா? எதுக்கு?"

அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். அத்தையின் கண்ணில் அப்போதுதான் முதல் தடவையாக ஏதோ ஒரு சந்தேகம் ஓடியது. அவள் அடுத்த வார்த்தை கேட்பதற்குள் வெளிக்கதவு திறந்தது.

அவன் வந்தான். முகத்தில் ஒரு மாதத் தாடி, ஆனால் கண்ணில் வெளிச்சம். கையில் புதுக் கைப்பேசி.

"சிட்டு! சிட்டும்மா! இங்க வா... அப்பா என்ன கொண்டு வந்திருக்கேன் பாரு!"

சிட்டு அறை வாசலில் வந்து நின்றாள்.

"சட்டம் உனக்குத்தானே கிடையாதுன்னுது? எனக்கு வயசு ஆயிடுச்சில்ல? என் பேர்ல வாங்கியிருக்கேன். அம்மா குரல் எல்லாத்தையும் மறுபடி ஏத்திட்டேன். யாராலயும் நிறுத்த முடியாது..." பேசிக்கொண்டே திரையைத் தொட்டான்.

"ஐயோ வேண்டாங்க!" அவள் பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். அதற்குள் அந்தக் குரல் கூடம் முழுக்கப் பரவிவிட்டது.

"சிட்டும்மா... எங்கடா போயிட்டே? உன்னைக் காணாம அம்மா எவ்வளவு ஏங்கிட்டேன் தெரியுமா?"

சிட்டு பின்னால் நகர்ந்தாள். முதுகு சுவரில் முட்டியது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"நிறுத்துங்கப்பா... அது கூப்பிடும்... மறுபடியும் கூப்பிடும்பா!"

"அம்மாதாண்டா கூப்பிடறா... போய்ப் பேசுடா..."

"வரச் சொல்லும்பா! வா, காத்துக்கிட்டிருக்கேன், பயப்படாம வந்துடுன்னு சொல்லும்! அன்னைக்குச் சொல்லுச்சு... நான் போயிருப்பேன்பா... கையில எடுத்துட்டேன்... சித்திதான்... சித்தி மட்டும் அன்னைக்கு வரலேன்னா..." குரல் உடைந்தது. "எனக்கு அது வேணும்பா. இப்பக்கூட வேணும்போல இருக்கு. அதாம்பா எனக்குப் பயமா இருக்கு...!"

அவன் கையிலிருந்த கைப்பேசி தரையில் விழுந்தது. அத்தையின் மடியிலிருந்து பேப்பர் நழுவித் தரையில் பரந்தது.

"சித்தி உங்ககிட்ட சொல்லலே. நான்தான் சத்தியம் வாங்கினேன். நீங்க ரெண்டு பேரும் அவங்களைத் திட்டறப்போ நான் கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன்... சொல்லலாம்னு நினைப்பேன், வாய் வராது... சித்தி, என்னை விட்டுட்டுப் போகாதீங்க சித்தி...!"

அவள் போய்ச் சிட்டுவை வாரி அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போகலே... எங்கேயும் போகலே..." என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

அவன் அவர்கள் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"என் கையால... நானே என் கையால..." தலையில் அடித்துக்கொண்டான். "ஏன் என்கிட்ட சொல்லலே? என்னைச் செருப்பால அடிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிங்க சொல்லுவேன்?" என்று அவளும் அழுதாள். "உங்க பொண்டாட்டி மேல இருந்த பாசத்தையெல்லாம் கொட்டிச் செஞ்சீங்க. அதை எப்படி விஷம்னு உங்ககிட்ட வந்து சொல்லுவேன்? நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன்னு நினைச்சேன். நீங்க உடைஞ்சு போயிட்டா இந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா?"

தரையில் கிடந்த கைப்பேசி மெல்லக் கேட்டது. "யாரு அழறாங்க? சிட்டும்மா, நீயாடா?"

அவன் அதை எடுத்தான். மனைவியிடம் நீட்டினான். "என்னால முடியாது... நீயே அழிச்சிடு."

"வேண்டாங்க. நீங்கதான் கூட்டிக்கிட்டு வந்தீங்க, நீங்களே அனுப்பி வைங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்பி வைங்க."

அவன் அந்தச் சிரித்த முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "போதும்மா..." என்றான் கடைசியில். "ரொம்ப நாளா உன்னைத் தூங்க விடலே. தூங்கு." அழிக்கும் பொத்தானை அழுத்தினான். திரை இருண்டது.

சித்தியின் நெஞ்சிலிருந்து சிட்டு முகத்தைத் தூக்கினாள்.

"சித்தி... எங்க அம்மா செத்துட்டாங்களா?"

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வீட்டில் அந்தச் சொல்லை இதுவரை யாரும் சொன்னதில்லை. 'போயிட்டா' என்றார்கள், 'நம்மகூடத்தான் இருக்கா' என்றார்கள், அதற்குள் கைப்பேசி வந்துவிட்டது.

சித்தி தன் கணவனைப் பார்த்தாள். சொல்லும் உரிமை அவனுடையது. அவன் தலையை மட்டும் அசைத்தான்.

"ஆமாடா" என்றாள். "செத்துட்டாங்க. உன்னை விட்டுப் போக மனசே இல்லாம செத்துட்டாங்க. அவங்க இருந்திருந்தா ஒருநாளும் உன்னை வரச் சொல்லியிருக்க மாட்டாங்க. இருடா, நல்லா இருடான்னுதான் சொல்லியிருப்பாங்க..."

சிட்டுவின் வாய் திறந்தது. முதலில் சத்தமே வரவில்லை. பிறகு அடிவயிற்றிலிருந்து ஓர் ஓலம் வந்தது, "அம்மா..." என்று. அந்தப் பெண் தன் அம்மாவுக்காக அழுத முதல் அழுகை அதுதான். அவள் அப்பா அவளுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஒருநாளும் பார்த்திராத ஒருத்திக்காகச் சித்தியும் அழுதாள்.

அத்தை எழுந்து வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"அவ போன அன்னைக்கு நானும் அழலேம்மா..." என்றாள். "வந்தவங்களுக்கு டீ போடணும், நாற்காலி எடுத்துப் போடணும்னு ஓடிக்கிட்டே இருந்துட்டேன். அப்புறம் அழறதுக்கு நேரமே வரலே..." சொல்லிக்கொண்டே, தான் திட்டித் தீர்த்தவளின் தோளில் தலையைச் சாய்த்தாள். "உன்னை என்னென்ன சொல்லிட்டேன்... பெத்தவ செய்ய வேண்டியதை நீ செஞ்சிருக்கே. நான் உன்னை என்னென்ன சொல்லிட்டேன்..."

வெயில் கூடத்துக்குள் வந்து, நகர்ந்து, போனது. நாலு பேரும் தரையிலேயே இருந்தார்கள். யாரும் யாரையும் அழாதே என்று சொல்லவில்லை.